குளியலறைத் தரையும் கிணற்று நீரும்

வீடு வாங்க வருபவர் கூரையை அண்ணாந்து பார்க்கிறார். சுவரைத் தட்டிப் பார்க்கிறார். கதவு யன்னல்களைத் திறந்து மூடிப் பார்க்கிறார். கிணற்றடிக்குச் சென்று ஒரு வாளி நீர் அள்ளிச் சுவைத்தும் பார்க்கிறார். யாழ்ப்பாணத்தில் நீரின் சுவை அறியாது காணி வாங்குவோர் அரியர். ஆனால், குளியலறைக்குள் நின்று இத் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று வினவுபவர் மிகச் சிலரே. மேலே பளபளப்பான ஓடு பதித்திருந்தால் அதுவே போதும் என்று மனநிறைவு கொள்கின்றனர். சுவைத்துப் பார்த்த நீருக்கும், பாராது விட்ட தரைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அத் தொடர்பு யாது, தரையின் அடித்தளம் பழுதுற்றால் அதனைத் திருத்துவது எவ்வாறு என்பனவே இன்றைய பேச்சின் பொருளாகும்.

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் குளியலறை என்று தனியாக ஓர் அறை இருந்ததில்லை. குளிப்பு கிணற்றடியிலேயே நிகழ்ந்தது. துலாவினால் அள்ளிய நீரைத் தலையில் வார்த்தனர். அந்நீர் கல் பதித்த அல்லது சீமெந்து பூசிய கிணற்றடித் தரையில் விழுந்து, சிறு வாய்க்கால் வழியே ஓடி, வாழைக்கும் தென்னைக்கும் கமுகுக்கும் பாய்ந்தது. பெண்கள் குளிப்பதற்குப் பனையோலை வேலியால் மறைப்பு இருந்தது. மலகூடம் வளவின் ஒரு கோடியில், கிணற்றிலிருந்து இயன்றவரை தள்ளி அமைந்தது. இவ்வமைப்பில் ஒரு நன்மை இருந்தது. தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்பது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. தரையில் வெடிப்பு ஏற்பட்டால் அன்றே தெரியும். வாய்க்கால் அடைபட்டால் அன்றே மண்வெட்டி வரும்.

நீரிறைக்கும் இயந்திரமும் மின்சாரமும் உயர்த்திக் கட்டிய நீர்த்தாங்கியும் வந்த பின்னர் இந்நிலை மாறியது. குளிப்பும் மலகூடமும் வீட்டிற்குள் வந்தன. முதியோருக்கும் நோயாளருக்கும் மகப்பேற்றுக்குப் பின் ஓய்விலிருக்கும் தாய்மாருக்கும் இம்மாற்றம் பெரிய ஆறுதல் அளித்தது என்பதில் ஐயமில்லை. மழைக்கால இரவில் விளக்கேந்திக்கொண்டு வளவின் கோடிக்குச் செல்ல வேண்டிய இடர் நீங்கியது. ஆனால், கண்ணுக்குத் தெரிந்து ஓடிய நீர் அன்றிலிருந்து கண்ணுக்கு மறைந்து ஓடத் தொடங்கிற்று. மறைந்து ஓடும் நீரைத் தாங்கி நிற்கும் பொறுப்பு முழுவதும் தரையின் அடித்தளத்தின் மீது விழுந்தது.

அடித்தளம் என்பது ஒரே பொருளன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த பல படைகளைக் கொண்டது. எல்லாவற்றுக்கும் கீழே இயற்கை நிலம். அதன்மேல், வீட்டுத் தரையை நில மட்டத்துக்கு மேலே உயர்த்துவதற்காக அத்திவாரச் சுவர்களுக்கு இடையே கொட்டி நிரப்பிய மண் அல்லது கிறவல். அதன்மேல் சல்லியும் மணலும் சீமெந்தும் சேர்ந்த கொங்கிறீற்றுப் படை. அதற்கும் மேல், நீர் வழிந்தோடச் சரிவு கொடுத்துப் பூசிய சீமெந்துச் சாந்து. இக்காலத்தில் அச்சாந்தின் மேல் நீர்காப்புப் பூச்சு ஒன்றையும் இடுகின்றனர். எல்லாவற்றுக்கும் மேலே ஓடு. மனிதர் மிதிப்பது ஓட்டை. மனிதரைத் தாங்குவதோ அதன் கீழுள்ள படைகள். நீரைத் தடுப்பதும் ஓடு அன்று. ஓடு நீரைத் தடுத்தாலும் இரண்டு ஓடுகளுக்கு இடையேயுள்ள இணைப்பு நாளடைவில் நீரை உள்ளே விடும். இவ்வுண்மையை அறியாமையே பல தவறுகளுக்குக் காரணமாகின்றது.

கனடாவிலும் அதுபோன்ற குளிர்நாடுகளிலும் வாழும் தமிழர் வீடுகளில் குளியலறையின் அடித்தளம் பெரும்பாலும் மரப்பலகையால் ஆனது. மலசலகூடப் பீங்கானின் அடியிலோ குளிக்கும் தொட்டியின் ஓரத்திலோ நீர் கசிந்தால் பலகை ஊறி உளுத்துப் போகும். மிதித்தால் தரை அமுங்கும். கீழ்மாடியின் கூரையில் கறை தோன்றும். அங்கே பழுதான தரை தன் குறையைத் தானே அறிவித்து விடுகிறது. யாழ்ப்பாணத்துச் சீமெந்துத் தரை அவ்வாறன்று. அது உளுப்பதில்லை. கீழே மண் கரைந்து குழி விழுந்திருந்தாலும், ஓரளவுக்கு அக்குழியின் மேல் பாலம்போல நின்று தாங்கும். கசியும் நீரோ கீழ்மாடிக்குச் செல்வதற்குப் பதிலாக நிலத்துக்குள் இறங்கி மறைகிறது. ஆகவே பழுது தொடங்கிப் பல ஆண்டுகள் சென்ற பின்னரே வீட்டார் அதனை உணர்கின்றனர். உறுதியானது என்று நம்பப்படும் தரைதான் தன் நோயை நீண்ட காலம் மறைத்து வைக்கின்றது.

இனி, பழுதுக்கான காரணங்களை நோக்கலாம். முதலாவது காரணம் நிரப்பு மண். வீடு கட்டும்போது தோட்டத்து மண்ணையும் உடைந்த கல்லையும் இலை குழைகளையும் ஒருங்கே கொட்டி, மேலோட்டமாக மிதித்துவிட்டு, உடனே கொங்கிறீற்று இடும் வழக்கம் உண்டு. மட்கும் பொருள் மட்கியபின் அவ்விடம் வெற்றிடமாகும். இறுகாத மண் நீர் பட்டதும் தாழும். இரண்டாவது காரணம் சரிவின்மை. தரை நீர்ப்போக்கியை நோக்கிச் சாயாவிடின் மூலைகளில் நீர் தேங்கும். தேங்கிய நீர் வழி தேடும். மூன்றாவது காரணம் குழாய் தரையை ஊடுருவும் இடம். குழாயைச் சுற்றிக் கவனமாக அடைக்காது ஒரு பிடி சாந்தை அப்பிவிட்டால், பிளாத்திக்குக் குழாயும் சீமெந்தும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும்போது இடைவெளி உண்டாகும். கசிவுகளுட் பல அவ்வளையத்திலேயே தொடங்குகின்றன. கறையானும் எலியும் நிரப்பு மண்ணைக் குடைவதும், அருகில் நிற்கும் மரத்தின் வேர் ஈரத்தை நாடி வந்து கொங்கிறீற்றைப் பிளப்பதும் ஏனைய காரணங்களாம்.

குடாநாட்டுக்கே உரிய வேறொரு காரணமும் உண்டு. அது போர்க்கால இடப்பெயர்வு. 1990 முதல் வலிகாமம் வடக்கின் பல கிராமங்களில் மக்கள் குடியிருக்க முடியவில்லை. 1995 ஒற்றோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாகத் தென்மராட்சிக்கும் அதற்கப்பாலும் பெயர்ந்தனர். சிலர் சில மாதங்களில் திரும்பினர்; சிலர் இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் திரும்பினர். 2009இல் போர் முடிந்த பின்னர் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. ஆளில்லாத வீட்டின் தரையை மழையும் வேரும் ஆண்டன. கூரை போன வீட்டில் ஆலும் அரசும் வேம்பும் முளைத்துத் தரையைப் பெயர்த்தன. வசித்துக்கொண்டிருந்த வீடுகளிலும் திருத்த வேலை இலகுவாக இருக்கவில்லை. காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றது. அதன் பின் வந்த ஆண்டுகளில் குடாநாட்டுக்குச் சீமெந்து கொண்டுவருவதும் தடைசெய்யப்பட்டிருந்தது. சீமெந்துக் கல் விளைந்த மண்ணிலேயே ஒரு வெடிப்பை அடைக்கச் சீமெந்து கிடைக்காத காலம் அது. தள்ளிப்போட்ட திருத்தங்கள் பல இன்றும் தரைகளுக்குக் கீழே காத்திருக்கின்றன.

தரை பழுதுற்றதை அறிய உதவும் அடையாளங்கள் சில. நாணயத்தால் அல்லது மரக்கைபிடியால் ஓட்டைத் தட்டும்போது ஓரிடத்தில் கணீரென்றும் வேறோரிடத்தில் பொள்ளென்றும் ஒலிக்கும். பொள்ளென்ற ஒலி, ஓடு அடிச்சாந்தை விட்டு நீங்கியிருப்பதைக் காட்டும். ஓட்டிணைப்பு கறுத்து உதிர்வதும், இணைப்பின் வழியே வெள்ளை உப்புப் பூப்பதும், குளியலறைச் சுவருக்கு மறுபக்கத்திலுள்ள அறையின் அடிச்சுவரில் சாயம் கொப்பளித்து உரிவதும் ஈரம் பரவியதன் குறிகளாகும். மலசலகூடப் பீங்கான் மெல்ல ஆடுவது இன்னும் கடுமையான குறி. வெளியே அத்திவாரத்தோரம் கோடையிலும் புல் பசுமையாக நின்றால் வீட்டார் மகிழ்தல் ஆகாது. அந்தப் புல் எந்நீரைக் குடிக்கிறது என்று வினவுதல் வேண்டும்.

இவ்வடையாளங்களைக் கண்ட பின்னரும், தரை இன்னும் இடிந்து விழவில்லையே என்று வாளாவிருப்போர் உளர். இங்கேதான் குளியலறைத் தரை ஒரு வீட்டின் காரியம் என்ற நிலையைக் கடந்து ஊரின் காரியம் ஆகின்றது. இதனை விளங்கிக்கொள்ளக் குடாநாட்டின் நிலத்தைச் சிறிது நோக்க வேண்டும்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு ஒன்றே, அதுவும் மாரியில் மட்டும் ஓடுவது. ஒற்றோபர் முதல் திசெம்பர் வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையே குடாநாட்டின் முதன்மையான நீர்வளம். அம் மழை செம்பாட்டு மண்ணினூடாக விரைவாக இறங்கி, கீழேயுள்ள சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. கடலிலிருந்து ஊறிவரும் உவர்நீரின் மேல் நன்னீர் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. அந்த வில்லையிலிருந்தே கிணறுகள் நீர் பெறுகின்றன. சுண்ணக்கல் நீரில் மெல்லக் கரையும் இயல்புடையது. பல்லாயிரம் ஆண்டுகளாகக் கரைந்து கரைந்து உண்டான நிலத்தடிப் பாதைகள் குடாநாட்டின் அடியில் உள்ளன. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அவ்வியல்பின் வெளிப்படையான சான்றுகள்.

மணற்பாங்கான நிலத்தில் அழுக்கு நீர் மெதுவாக ஊர்ந்து செல்லும். செல்லும் வழியில் மண் அதனை ஓரளவு வடிகட்டும். சுண்ணக்கற் பொந்தில் அது வடிகட்டப்படாமலே ஓடும். மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடி தூரம் வேண்டும் என்று பொதுவாகக் கூறுவர். அவ்விதி மண் வடிகட்டும் என்னும் நம்பிக்கையின் மேல் எழுந்தது. வடிகட்டாத பாறையில் 50 அடி என்பது முழுக் காவல் ஆகாது. மேலும், குடாநாட்டின் வளவுகள் தலைமுறைதோறும் பிரிந்து சிறுத்து வந்துள்ளன. இரண்டு பரப்புக் காணியில் ஒருவர் தம் கிணற்றிலிருந்து மலகூடத்தை விலக்கி வேலியோரம் அமைத்தால், வேலிக்கு அப்பால் அடுத்தவர் கிணறு அண்மையில் இருக்கும். பழைய உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருக்கும். நிலத்தடி நீரில் எல்லார்க்கும் உள்ள பங்கு மட்டும் எந்த உறுதியிலும் எழுதப்படவில்லை.

பழுதான தரையும் பழுதான கழிவுவழியும் ஒரு கிணற்றைக் கெடுத்தால் என்ன நேரும் என்பதற்கு உலக வரலாற்றிலே புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1854 ஓகஸ்ட் இறுதியில் இலண்டன் மாநகரில் புறோட் வீதியைச் சுற்றிலும் வாந்திபேதி திடீரெனப் பரவியது. சில வாரங்களில் அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். ஜோன் ஸ்னோ என்னும் மருத்துவர், இறந்தவர்களுட் பெரும்பாலோர் அவ்வீதியிலிருந்த ஒரே கிணற்றின் நீரைக் குடித்தவர்கள் என்று கண்டறிந்தார். செத்தெம்பர் 8ஆம் நாள் அக்கிணற்றுக் குழாயின் கைபிடி கழற்றப்பட்டது. நஞ்சு கிணற்றுக்குள் எவ்வாறு புகுந்தது என்பது பின்னரே தெரியவந்தது. அருகிலிருந்த 40ஆம் இலக்க வீட்டில் ஒரு குழந்தை வயிற்றோட்டத்தால் வருந்தியது. அதன் துணிகளை அலசிய நீரைத் தாய், வீட்டின் முன்புறத்து நிலவறையில் இருந்த கழிவுக்குழியில் ஊற்றினாள். 1855இல் அவ்விடத்தை அகழ்ந்து பார்த்தபோது, அக்குழியின் செங்கற்கட்டும் வடிகாலின் கட்டும் சிதைந்து, கழிவு மண்ணில் ஊறி, மூன்று அடிக்கும் குறைந்த தூரத்திலிருந்த கிணற்றை அடைந்திருந்தது தெளிவாயிற்று. அத்தாய் தீங்கு நினைத்தவள் அல்லள். தன் வீட்டுத் தரைக்குக் கீழே கட்டு சிதைந்திருந்ததை அவள் அறியாள், அவ்வளவே.

வாந்திபேதி போன்ற நோய்க்கிருமிகளை நீரைக் கொதிக்க வைத்து அழிக்கலாம். ஆனால், குடாநாட்டு நீருக்கு வேறொரு தீங்கும் நேர்ந்துள்ளது. மனிதக் கழிவிலும் சிறுநீரிலும் உள்ள நைதரசன் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைத்திரேற்றாக மாறுகின்றது. வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் இடப்படும் உரத்தினின்றும் அதுவே உண்டாகின்றது. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கிணற்றில் அள்ளிச் சுவைத்துப் பார்ப்பவருக்கு அது புலப்படாது. கொதிக்க வைத்தாலும் நீங்காது. நீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும். குடிநீரில் ஒரு இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பதே உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. 1980களிலே குடாநாட்டுக் கிணறுகளை ஆராய்ந்தோர், பல கிணறுகள் அவ்வெல்லையைக் கடந்திருப்பதைக் கண்டனர். பிற்கால ஆய்வுகளும் அதனை உறுதிப்படுத்தின. அத்தகைய நீரில் பால்மா கரைத்து ஊட்டப்படும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கலாம். உதடும் நகமும் நீலநிறம் பெறும். 1945இல் ஐக்கிய அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஹன்டர் கோம்லி என்னும் மருத்துவர் இந்நோயைக் கிணற்று நீரோடு தொடர்புபடுத்தி எழுதினார்.

இத்தீங்கு முழுவதையும் குளியலறைத் தரையின்மேற் சுமத்துவது நீதியன்று. உரமும், அடியில் கட்டில்லாத மலகூடக் குழிகளும் பெரும் பங்காளிகள். ஆயினும் உரத்தைக் குறைப்பதற்கு ஊரே ஒன்றுகூட வேண்டும். பழுதான தரையைத் திருத்துவதற்கு ஒரு வீட்டார் மனங்கொண்டாற் போதும். இக்காரணத்தாலேயே அது முதலிற் செய்யத்தக்கது.

திருத்த வேலையை முறையாகத் தொடங்குவோர் முதலிற் செய்ய வேண்டியது சோதனை. நீர்ப்போக்கியின் வாயைத் துணியாலும் களியாலும் இறுக்கி அடைத்து, தரையில் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் நிரப்பி, சுவரில் குறியிட்டு, ஒரு நாள் முழுவதும் விட வேண்டும். நீர் குறியிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு இறங்கினால் தரை கசிகின்றது. இறங்காவிடின் குழாயையே ஐயுற வேண்டும். கூரைத் தாங்கியின் அடைப்பைத் திறந்து வைத்து, வீட்டின் எல்லாத் திருகுகளையும் பூட்டிய பின்னரும் தாங்கியின் நீர் குறைந்தால், சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ செல்லும் குழாயில் வெடிப்பு உண்டு. நோய் எது என்று அறியாமல் தரையை உடைப்பது வீண்செலவு.

கசிவு உறுதிப்பட்டால் ஓட்டின்மேல் ஓடு பதிப்பது பயனற்றது. பலர் விரும்பிச் செய்யும் தவறு இதுவே. புது ஓடு சில மாதங்களுக்குக் கண்ணை மகிழ்விக்கும். அடியில் நீர் முன்போலவே இறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே தரையை உடைத்தே ஆக வேண்டும். உடைக்குமுன் அவ்வறைக்கான மின்சாரத்தையும் நீரையும் நிறுத்துவது கட்டாயம். உளியும் சுத்தியலும் பிடிப்பவர் கண்ணுக்குக் கண்ணாடியும், சீமெந்து குழைப்பவர் கைக்கு உறையும் அணிய வேண்டும். ஈரச் சீமெந்து தோலைப் புண்ணாக்கும் காரத் தன்மையுடையது. சிறுவரை அவ்விடத்துக்கு அணுகவிடல் ஆகாது.

கொங்கிறீற்றை நீக்கியதும் ஈர மண் தெரியும். நாற்றமுள்ள, கறுத்த, சேறான மண் முழுவதையும் உறுதியான நிலம் காணும்வரை தோண்டி எடுத்தல் வேண்டும். கழிவுநீர் கலந்த அம்மண்ணைக் கிணற்றடியிலோ வாழைப்பாத்தியிலோ கொட்டுதல் தகாது. கிணறுகளுக்கு எட்டத்தே புதைக்க வேண்டும். இதுவே குழாய்களைப் பார்ப்பதற்குரிய நேரம். பழைய இரும்புக் குழாயும் வெடித்த மட்குழாயும் இருந்தால் அவற்றை மாற்றிவிட வேண்டும். குழாய்கள் நீர் போகும் திசையில் சீராகத் தாழ்ந்து செல்கின்றனவா என்று மட்டப்பலகை வைத்துப் பார்ப்பது அவசியம். நீர்ப்போக்கியின் கீழ் வளைந்த குழாய் ஒன்று இருத்தல் வேண்டும். அவ்வளைவில் எப்போதும் தங்கியிருக்கும் நீரே கழிவுக்குழியின் நாற்றமும் கரப்பானும் வீட்டுக்குள் வராமற் காக்கின்றது.

பின்னர் நிரப்பு வேலை. கல்லும் வேரும் இலையும் நீக்கிய கிறவலை ஒருமுறையில் ஆறு அங்குலத்துக்கு மேற்படாத படைகளாகப் பரப்பி, சிறிது நனைத்து, ஒவ்வொரு படையையும் திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். குதிக்காலை ஊன்றினால் தடம் பதியாத அளவுக்கு அது இறுக வேண்டும். இங்கே சோம்பினால் மேலே செய்யும் வேலை யாவும் பாழ். இறுகிய நிரப்பின்மேல் தடித்த பொலித்தீன் தாளை விரித்து, ஓரங்களைச் சுவரோரம் மேலே மடித்துவிட்டால் நிலத்தின் ஈரம் மேலே ஏறாது. அதன்மேல் ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு சல்லி என்ற கணக்கில் மூன்று அல்லது நான்கு அங்குலக் கனத்துக்குக் கொங்கிறீற்று இட வேண்டும். கடல் மணலையும் உவர்நீரையும் பயன்படுத்தல் ஆகாது. உப்பு பின்னர் வெளியே பூக்கும், இரும்புக் கம்பி இருந்தால் துருப்பிடிக்கும். இலகுவாகப் பரப்பலாம் என்று நீரை மிகுதியாக ஊற்றினால் கொங்கிறீற்று உலரும்போது நுண்துளைகள் மிகுந்து வலுக் குன்றும்.

கொங்கிறீற்று இறுகியதும் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் உளர். சீமெந்து உலர்வதால் வலிமை பெறுவதில்லை. நீரோடு சேர்ந்து வினைபுரிவதால் வலிமை பெறுகின்றது. எனவே ஈரச் சாக்கு விரித்து, ஏழு நாள்களுக்குக் குறையாமல் நனைத்து வைத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கோடை வெயிலிலும் சோளகக் காற்றிலும் இதனைத் தவறவிட்டால் தரை முதல் வாரத்திலேயே மயிர்வெடிப்புக் காணும். வீட்டில் ஒரே குளியலறை இருந்தால் அவ்வேழு நாள்களும் பொறுமையைச் சோதிக்கும். அண்டை வீட்டாரின் உதவியை நாடியேனும் அக்காலத்தைக் கழித்தல் நன்று.

அடுத்தது சரிவுப் பூச்சு. ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த சாந்தை, ஓர் அடிக்குக் கால் அங்குலம் வீதம் நீர்ப்போக்கியை நோக்கித் தாழுமாறு பூச வேண்டும். ஆறு அடி நீளமான தரையில் ஒன்றரை அங்குலத் தாழ்வு கிடைக்கும். வாசலில் தரை மற்றைய அறைகளைவிடச் சற்றுத் தாழ்ந்திருத்தல் நல்லது. சுவரும் தரையும் கூடும் மூலையைக் கூராக விடாது சாந்தினால் வளைவாக்க வேண்டும். கூரான மூலையில்தான் பூச்சு முதலில் வெடிக்கும். அதன்மேல் நீர்காப்புப் பூச்சை, ஒரு கை நெடுக்காகவும் மறு கை குறுக்காகவும் இரண்டு முறை பூசி, சுவரில் ஓர் அடி உயரம் வரையும், நீர் விழும் பக்கத்தில் அதற்கு மேலும் ஏற்ற வேண்டும். குழாயைச் சுற்றிய வளையத்துக்கு இரட்டிப்புக் கவனம் தேவை.

ஓடு பதிக்குமுன் நீர் நிரப்பும் சோதனையை மீண்டும் ஒரு நாள் செய்தல் வேண்டும். மேசன் அடுத்த வேலைக்குப் போக அவசரப்படலாம்; வீட்டாரும் அலுத்திருக்கலாம். ஆயினும் திருத்தம் வெற்றி பெற்றதா என்று அறியத் தக்க கடைசி வாய்ப்பு அதுவே. நீர் குறியில் நின்றால் ஓடு பதிக்கலாம். ஓட்டின் நிறத்துக்கும் விலைக்கும் காட்டும் அக்கறையில் பாதியைச் சொரசொரப்புக்குக் காட்டினால் முதியோர் வழுக்கி விழமாட்டார்.

தரை திருந்திய பின் அதிலிருந்து வெளியேறும் நீர் எங்கே போகிறது என்ற கேள்வி எஞ்சி நிற்கும். குளிக்கும் நீரை மலக்குழியோடு சேர்த்தல் நன்றன்று. மிகுதியான நீர் குழியைக் கலக்கிப் படிய வேண்டிய மலத்தை வெளியே தள்ளும். குளிக்கும் நீரை வேறு குழாயில் எடுத்து, முன்னோர் செய்ததுபோல வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சலாம். மலநீருக்கு அடியும் பக்கமும் கட்டிப் பூசிய தொட்டி வேண்டும். மாரியில் நிலத்தடி நீர் உயரும்போது அடியில்லாத குழி நிலத்தடி நீரோடு நேரே கலந்துவிடும். கைவிட்ட கிணற்றைக் கழிவுக்குழியாக்குவது எல்லாவற்றிலும் கொடிய செயல். அஃது ஊரார் குடிநீரிலேயே நேராகக் கொட்டுவதாகும்.

2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டுள்ளது. குழாய்நீர் வந்தால் கிணற்றைப் பற்றிய கவலை தீரும் என்று சிலர் கருதலாம். குழாய்நீர் குடிப்பதற்கு உதவும். ஆனால் தோட்டமும் மாடும் மரமும் கோயிற் கேணியும் நிலத்தடி நீரையே நம்பி இருக்கின்றன. குழாய்நீர் எட்டாத வீடுகளும் பல. ஒருமுறை கெட்ட நிலத்தடி நீர் தெளிவதற்குப் பல மாரிகள் வேண்டும். 2010களின் நடுவில் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது, வாளியும் கயிறும் இருந்தும் குடிக்க நீரின்றி ஊர் மக்கள் தாங்கி வண்டிக்குக் காத்து நின்றதை எவரும் மறந்திரார்.

ஒரு குளியலறைத் தரையைத் திருத்துவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம், செலவும் உண்டு. செலவழித்த பணத்தின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத இடத்திற் புதைந்து போகும். விருந்தினர் எவரும் வந்து அக்கிறவலையோ பொலித்தீன் தாளையோ பார்த்துப் பாராட்டப் போவதில்லை. ஆனால், வேலிக்கு அப்பால் ஒரு தாய் தன் கிணற்றில் அள்ளிய நீரில் குழந்தைக்குப் பால் கரைக்கிறாள். அவள் அந்நீரின் சுவையை மட்டுமே அறிவாள். அதில் வேறு என்ன கலந்துள்ளது என்பதை அறியாள். அது தூயதாக இருக்க வேண்டுமாயின், இப்பக்கத்து வீட்டார் தம் தரைக்குக் கீழே பார்த்துத் தம் கடமையைச் செய்திருக்க வேண்டும்.